டெல்பாவின் மடிப்பு

அலமாரியைத் திறந்ததுமே வெர்னாவுக்குச் சுருக்கென்றது. போர்வையை அவள் நாலாகத்தான் மடித்து வைத்திருந்தாள். இப்போது அது மூன்றாக மடிந்து கிடந்தது.

ஒரே கோட்டில் மடிந்து கிடந்தால் நூல் இற்றுவிடும் என்று கென்டக்கி மலைப்பக்கத்துப் பெண்கள் பருவத்துக்கொரு முறை மடிப்பை மாற்றுவார்கள். மாற்றவே மாற்றாதவள் டெல்பா ஒருத்திதான். வெர்னாவின் கணவன் கிளீட்டஸின் முதல் மனைவி. பிள்ளைக்காக ஏங்கி, ஒட்டுத்துணி சேர்த்து இந்தப் போர்வையைத் தைத்து, தொட்டில் காணாமலே போய்ச் சேர்ந்தவள். எப்போதும் மூன்றாகத்தான் மடிப்பாளாம்.

இது வேறு யார் வேலை? நாத்தனார் மர்டில்தான். வீட்டுச் சாவி அவளிடமும் இருக்கிறதே! தன்னை மிரட்டித் துரத்திவிட்டு, தன் கைக்குழந்தை ஓபலை வைத்துக்கொள்ளத்தான் இத்தனையும் என்று வெர்னா முடிவுகட்டினாள். மர்டில் வந்ததும் கேட்டேவிட்டாள்.

"அண்ணி, போர்வையத் தொட்டீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாரு! வாழ வந்த நாள்லேருந்து எம்மேல சந்தேகந்தான் உனக்கு."

"அப்ப சாவியக் குடுத்துட்டுப் போங்க."

மர்டில் சாவியை மேசையில் விட்டெறிந்தாள். வெர்னா வீம்புக்கென்றே போர்வையைப் பிளாஸ்டிக் பையில் திணித்து வாயை இறுக முடிந்தாள்.

"அடியே, பிளாஸ்டிக்லயா கட்டுற? துணி வேர்த்துப் பூசணம் புடிச்சிடும்டி!"

"புடிக்கட்டும். இனிமே யாரு கை வைக்கிறாங்கன்னு பாக்குறேன்."

மறுநாள் மதியம் கிளீட்டஸ் சுரங்கத்துக்குப் போயிருந்தான். கணப்பில் விறகு முனக, அலமாரியின் தேவதாரு வாசனையோடு ஈரத்துணி நாற்றமும் வீடெங்கும் கசிய, அலமாரிக்குள் பிளாஸ்டிக் சரசரத்தது. எலியாக இருக்கும். இல்லை, மர்டிலா? ஜன்னலுக்கு ஓடினாள். முற்றத்துப் பனியில் ஒரு காலடிகூட இல்லை.

அலமாரியைத் திறந்தாள். பையின் உட்புறமெல்லாம் நீர் பூத்திருந்தது. நடுவே துடைத்த தடம். ஐந்து விரல்கள். உள்பக்கமிருந்து.

முடிச்சு அவள் போட்டபடியே இருந்தது. தொட்டாள். பை தொளதொளவென்று சரிந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

பக்கத்து அறையில் ஓபல் கிளுக்கென்று சிரித்தாள்.

"ஐயோ, எம்புள்ள!"

தொட்டிலில் போர்வை விரிந்திருந்தது. நடுவில் குழந்தை. இடப்பக்கம் ஏற்கெனவே மடிந்திருந்தது. வலப்பக்க ஓரம் மெல்ல எழுந்தது. வெர்னா பற்றி இழுத்தாள். வரவில்லை. முகம் மூடியது. சிரிப்பு நின்றது.

மடிப்பின் மேல், சுருக்கம் விழாதபடி, ஈரமான ஒரு கைத்தடம் மெதுவாக நீவிக்கொண்டே போனது.