டார்லிங் ஆற்றின் பெயர்

சுவரில் ஒட்டியிருந்த ஆஸ்திரேலிய வரைபடத்தில் டார்லிங் ஆறு இருந்தது. அதன் பெயரைத்தான் காணவில்லை.

இரவிச்சந்திரன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். கல்லூரியில் முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவர். மேலே கொண்டமைன், பலோன், கல்கோவா என்று அதே நீருக்கு இடத்துக்கொரு பெயர். கீழே, கரையில் வாழ்ந்த பார்க்கின்ஜி மக்கள் பாக்கா என்று அழைத்ததை, வெள்ளைக்காரன் ஒருவன் வந்து தன் ஆளுநரின் பெயருக்கு மாற்றிவிட்டான். "பேர் வைக்கிறவன்தான் சொந்தக்காரன்" என்று வகுப்பில் சொல்லிச் சிரிப்பார்.

பெயரை எடுக்கவும் அவருக்குத் தெரியும். தம்பி சாரங்கன் அந்த ஆற்றில் நீர்மட்டம் அளக்கும் வேலைக்குப் போய், அங்கே அல்போன்சம்மாவைக் கட்டினான். சைவக் குடும்பத்துக்கு ஆகாத வேதக்காரி. தகப்பன் செத்தபோது, மரண அறிவித்தலில் பிள்ளைகளின் வரிசையிலிருந்து சாரங்கனை வெட்டியவர் இவர்தான். பத்தொன்பது வருடமாகிறது. குடும்ப மானத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை.

இன்று காலை அல்போன்சம்மா போன் எடுத்தாள். ஆற்று வெள்ளம் சாரங்கனை ஜீப்போடு அடித்துக்கொண்டு போனதாம். ஐந்தாம் நாள்தான் உடலை எடுத்தார்களாம், வாய் நிறையச் சேற்றோடு.

"அத்தான், அறிவித்தலில அண்ணன் எண்டு உங்கட பேரைப் போடட்டோ? சாகுமட்டும் அவருக்கு அந்த ஒரு ஆசைதான்."

"எனக்குத் தம்பி எண்டு ஒருத்தரும் இல்லை. பிழையான நம்பருக்கு எடுத்திட்டியள்."

அந்த ஆற்றுக்கு உலகின் மறுகோடியில், வெளியே டொலார்ட் தெருவில் பனி வெளுத்துக் கிடக்க, ஹீட்டர் குழாய்க்குள் தண்ணீர் கரையைத் தொட்டுத் தொட்டுத் திரும்புவதுபோல் ஒரு சத்தம் எழுந்தது. குசினியில் மனைவி யோகராணி தாளிக்கும் வெங்காய வாசத்தையும் மீறி, வெயிலில் வெடித்த சேறு முதல் மழையில் நனைந்த நாற்றம் அறைக்குள் வந்து நின்றது.

பக்கத்தில் அவருடைய கலாநிதிப் பட்டம் தொங்கியது. முத்திரை இருந்தது. கையெழுத்துகள் இருந்தன. பெயர் இருந்த இடம் வெறுமை.

மேசையில் மின்சாரக் கட்டணக் கடிதம். விலாசம் மட்டும்.

செருப்போடு வாசலுக்கு ஓடினார். தானே காசு கொடுத்துச் செதுக்குவித்த பித்தளைப் பெயர்ப்பலகை. தடவிப் பார்த்தார். வழவழப்பு. ஓர் எழுத்தும் இல்லை.

பின்னால் கதவு பூட்டிக்கொண்டது.

தட்டினார். யோகராணி வந்து கண்ணாடிக்கு அப்பால் நின்றாள். கையில் அகப்பை.

"ஆர் நீங்கள்?"

"விசர்க் கதை கதையாமல் திற!"

"பிழையான வீட்டுக்கு வந்திட்டியள்." மரியாதையாகத்தான் சொன்னாள். பிறகு உள்ளே திரும்பி, நாற்பது வருடமாக அவரை மட்டுமே கூப்பிட்ட அந்தக் குரலில் கூப்பிட்டாள். "இஞ்சேருங்கோ! ஆரோ ஒரு மனிசன் வாசலில நிக்கிது."

அவருடைய அறையிலிருந்து காலடிகள். கனமாக. ஈரமாக.

"வாறன்."

பத்தொன்பது வருடம் கேட்காத குரல்.

தன் பெயரைச் சொல்ல இரவிச்சந்திரன் வாயைத் திறந்தார். சேறு வந்தது. நெஞ்சில் வழிந்தது. இன்னும் வந்தது. வெள்ளைப் பனியில் மண்ணிறக் கோடாய் இறங்கி, வளைந்து, தெருவை எட்டாமல் பாதியில் நின்றது.

கண்ணாடிக்குப் பின்னால் ஓர் ஈரக் கை திரைச்சீலையை இழுத்து மூடியது.