ஜூலை மாதத்துக் கிறிஸ்துமஸ் ஸ்டார்

பரணிலிருந்து கிறிஸ்துமஸ் ஸ்டாரை இறக்கியதுதான் தாமதம், பிரிட்டோ வீடே அதிரும்படி அழ ஆரம்பித்துவிட்டான்.

"அது என் ஸ்டார்! நான்தான் ஜிகினா ஒட்டினேன்!"

ஒட்டியது உண்மைதான். அதில் பாதி அவன் தலைமுடியில் ஒட்டிக்கொண்டதும் உண்மைதான். ஒன்றாம் வகுப்புக்காரன், லேசில் விட்டுக்கொடுப்பானா?

அவன் அக்கா பெலிண்டா ஆறாம் வகுப்பு. மறுநாள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அவள் எடுத்திருந்த தலைப்பு, காமாக்கதிர் வெடிப்பு. சூரியனைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரம் ஒன்று எரிபொருள் தீர்ந்து உள்ளே நொறுங்கும்போது, எதிரெதிரான இரண்டு பக்கங்களில் மட்டும் கதிரைப் பீய்ச்சி அடிக்கும்.

"ஸ்டார் மேல கறுப்புத் தாளை ஒட்டி ரெண்டு ஓட்டை போட்டா வேலை முடிஞ்சுது," என்றாள் தோழி பவித்ரா. கையில் பசை தயாராக இருந்தது.

பெலிண்டா தம்பியைப் பார்த்தாள். பாவமாக இருந்தது.

"பசை வேணாம்டி. ஸ்டாரை அட்டைப் பெட்டிக்குள்ள வச்சு, பெட்டியில ஓட்டை போட்டுக்கலாம். உன் ஸ்டாருக்கு ஒண்ணும் ஆகாதுடா பிரிட்டோ. உனக்கும் வேலை இருக்கு. நீதான் பூமி."

அழுகை சட்டென்று நின்றது.

மறுநாள் கண்காட்சியில் பூமி, சட்டையில் நீலத் தாளைக் குத்திக்கொண்டு, பெட்டியின் ஓட்டைக்கு நேராக அசையாமல் நின்றது. நடுவர் அமலராணி மிஸ் பக்கவாட்டில் வந்து நின்றார்.

"ஒண்ணும் தெரியலையேம்மா! பல்பு போயிடுச்சா?"

பேனா மதிப்பெண் தாளில் இறங்கப் போனது. பவித்ராவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மிஸ், பிரிட்டோ மூஞ்சியைப் பாருங்க!" என்றாள் பெலிண்டா.

பிரிட்டோவின் முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. மிஸ் அவன் உயரத்துக்குக் குனிந்தார்.

"அடேயப்பா, கண்ணு கூசுதே!"

"கதிர் பூமிப் பக்கமா வந்தாத்தான் நமக்குத் தெரியும் மிஸ். வேற பக்கம் போறது பெரும்பாலும் தெரியாமலே போயிடும். நிஜக் காமாக்கதிர் கண்ணுக்குத் தெரியாது, சாட்டிலைட்தான் கண்டுபிடிக்கும். சில வெடிப்போட வெளிச்சம் பூமி பிறக்குறதுக்கு முன்னாடியே கிளம்பி, இப்பதான் இங்க வருது. பிரபஞ்சம் சின்னப் பிள்ளையா இருந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு அதை வச்சுத் தேடுறாங்க."

பூமி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு, புகை கக்கிய எரிமலைக்குப் போய்விட்டது. போகட்டும். ஸ்டார் ஒரு கீறல்கூட இல்லாமல் புத்தூர் வீட்டுக்குத் திரும்பியது. பிரிட்டோ ஆசைப்பட்டபடியே பெலிண்டா அதை வாசலில் கட்டி எரியவிட்டாள்.

எதிர்வீட்டு ஜெபராஜ் அங்கிள் வண்டியை நிறுத்தினார்.

"என்னடா, ஜூலை மாசத்துலயே கிறிஸ்துமஸா?"

"இல்ல அங்கிள், இது போன கிறிஸ்துமஸ்தான்," என்றான் பிரிட்டோ. "வெளிச்சம் இப்பதான் வந்து சேர்ந்திருக்கு."