இரண்டு விரல் இறங்கிய பெடல்

பிரேக் பெடல் காலையில் இருந்த இடத்தில் இல்லை. பக்கத்து ஆக்ஸிலரேட்டருக்குச் சமமாக நின்றிருந்தது, இப்போது இரண்டு விரல் அளவு கீழே இறங்கியிருந்தது. நடுவில் யாரும் காருக்குள் ஏறவில்லை. பட்டறையில் இருந்ததே அவனும் தங்கையும்தான். அவள் மூலையில் பழைய டயர் மேல் உட்கார்ந்து, தகரக் கூரையில் மழை அடிக்கிற அடியையும் மீறி ஏதோ முணுமுணுத்தபடி ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவன் வேறொன்றை மாட்டினான். பெடல் மேலே வந்து நின்றது. கையைத் துடைத்துவிட்டுத் திரும்பியபோது மறுபடியும் இரண்டு விரல் கீழே இருந்தது.

வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர். பெரியவன் கார் ஓட்டுவான், சின்னவனான இவன் ரிப்பேர் பார்ப்பான், கடைசியாகப் பிறந்தவள் இரண்டு பேரையும் அதட்டுவாள். அவர்கள் ஓடுவது கால் மைல் பந்தயம். வளைவு கிடையாது, நேர் ரோடு, பதினோரு வினாடிகூட ஆகாது. ஓடுவதைவிட ஓடி முடித்த பிறகு காரை நிறுத்துவதுதான் பாடு. பத்து மாதத்துக்கு முன்னால் பெரியவன் ஜெயித்தான், ஆனால் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, மணலையும் தாண்டி, கடைசிச் சுவரில்தான் கார் நின்றது. டயர் தேய்ந்த தடம் ரோட்டில் ஒரு விரற்கடை கூட இல்லை, ஜெயித்த சந்தோஷத்தில் பையன் பிரேக்கை மிதிக்கவே மறந்துவிட்டான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சின்னவனும் வீட்டில் வந்து அதையே சொன்னான்.

நாளைக் காலையில் அதே காரில் தங்கை ஓடப்போகிறாள். வேண்டாம் என்று அம்மா அழுது பார்த்தாள், இவன் கெஞ்சிப் பார்த்தான். அவளிடம் யார் பேச்சு எடுபடும்? நசுங்கிய முன்பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக வெல்டிங் செய்தாயிற்று. பின்பக்கம் அடிபடவில்லை. அதனால் பின் சக்கரங்களின் பிரேக் மட்டும் பழையதேதான். கம்பெனி பிரேக்கைக் கழற்றிவிட்டு, எடை குறையும் என்று சின்னவன் தேடிப் பிடித்து வாங்கி, தன் கையாலேயே மாட்டிய செட் அது. இன்று காலை சந்துக்குள் மெதுவாக உருட்டிப் பார்த்தபோதே பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இந்த பிரேக்கை நம்பி ஓடினால் இடுகாட்டில் பெரியண்ணன் பக்கத்தில் எனக்கும் ஒரு இடம் பார்த்து வைத்துவிடு என்று தங்கை சிரித்துக்கொண்டே சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பெடல் பஞ்சாகப் போகிறது என்றால் ஆயில் குழாய்க்குள் காற்று இருக்கிறது என்று அர்த்தம். அதை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தின் பக்கத்தில் படுத்து, டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரில் இருக்கிற சின்ன நிப்பிளைக் கை தடவியே திறந்து மூட வேண்டும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, குரல்தான் கணக்கு. தங்கை உள்ளே ஏறினாள், அவன் கீழே படுத்தான்.

"அழுத்து."

"பிடிச்சிருக்கேன்."

"விடு."

ஒரு மணி நேரம் இதையே செய்தார்கள். நிப்பிளில் மாட்டிய ரப்பர் குழாய் வழியாக ஆயில் பாட்டிலில் சுத்தமாக இறங்கியது, ஒரு குமிழிகூட இல்லை. பெடல் மட்டும் பஞ்சாகவே இருந்தது. ஒழுகலும் எங்கும் இல்லை. கால் வலிக்கிறது என்று தங்கை இறங்கினாள். ஆயில் டப்பா வேறு காலி. மெயின் ரோட்டுக் கடையில் வாங்கி வருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு, ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து வெளியே போனாள்.

சின்னவன் பலகையில் மல்லாந்து படுத்து, கையில் டார்ச்சோடு, ஜாக்கியில் தூக்கி நிறுத்தியிருந்த காருக்கு அடியில் நகர்ந்தான். ஈரமான மண் வாசனையும் ஆயில் நெடியும் கலந்து வந்தன. மழை கூரையில் விட்டு விட்டு அடித்தது. அந்த இடைவெளியில் மிக மெல்லிய ஒரு சத்தம் கேட்டது, புது ஸ்பிரிங் இழுபடுகிற சத்தம். எதிர்ச் சுவர் சிவந்தது. பெடலை மிதித்தால் மட்டும் எரிகிற பின் விளக்கின் சிவப்பு அது.

"அதுக்குள்ள வந்துட்டியா?" என்று கேட்டான்.

ஷட்டர் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தான், அவளுடைய கால்கள் தெரியவில்லை. விளக்கின் சுவிட்ச் சரியாக உட்காரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்தால்தான் வேலை ஓடும். டார்ச்சைத் திருப்பி காலிப்பரைப் பார்த்தான். எத்தனையோ முறை கை தடவிய காலிப்பர்தான், ஆனால் மாட்டிய பிறகு கீழேயிருந்து, இவ்வளவு பக்கத்தில், கண்ணால் இன்றுதான் பார்க்கிறான்.

நிப்பிள் அடிப்பக்கம் இருந்தது.

 காற்று எப்போதும் மேலேதான் போய் நிற்கும், அதனால் நிப்பிளும் மேலேதான் இருக்க வேண்டும். இடது பக்கத்துக் காலிப்பரை வலப்பக்கமும், வலது பக்கத்துக் காலிப்பரை இடப்பக்கமும் மாட்டியிருக்கிறான். போல்ட் இரண்டு பக்கமும் பொருந்திவிடும், அதனால் தெரியவில்லை. நிப்பிள் கீழே இருந்தால் ஆயில்தான் வரும், மேலே தேங்கிய காற்று எத்தனை வருஷமானாலும் அங்கேயே இருக்கும்.

அன்றைக்கும் அப்படியேதான் இருந்திருக்கிறது. பந்தயத்துக்கு முந்தின நாள் பெடலை மூன்று முறை மிதித்துப் பார்த்தான். மூன்றாவது மிதிக்குக் கல் மாதிரி நின்றது, சரியாக இருக்கிறது என்று பெரியவனிடம் சொல்லிவிட்டான். காற்று பிடித்த பிரேக் மூன்று மிதிக்குக் கல்லாக நிற்கத்தான் செய்யும். சுவர் எதிரே வரும்போது மூன்று முறை மிதிக்க எவனுக்கு நேரம் இருக்கும்? தடமே விழாமல் போனதற்குக் காரணம் பெரியவன் மிதிக்காதது இல்லை. அவன் மிதித்திருக்கிறான். தரையைத் தொடும் வரைக்கும் மிதித்திருக்கிறான்.

பாட்டிலுக்குள் சளக்கென்றது. திறந்து கிடந்த நிப்பிளிலிருந்து ஆயில் ரப்பர் குழாயில் மெதுவாக ஊர்ந்து இறங்கி, நின்றது. அதைத் தள்ள பெடலில் ஒரு கால் வேண்டும். அவன் பலகையோடு வெளியே உருண்டு, எழுந்து, ஜன்னல் வழியாகப் பார்த்தான். சீட் காலி. பெடல் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தது. மேலே வரவில்லை.

பயத்தைவிட அவசரம் பெரிதாக இருந்தது. தங்கை வருவதற்குள் இந்தத் தப்பை மறைத்தாக வேண்டும். இரண்டு காலிப்பரையும் கழற்றிப் பக்கம் மாற்றினான். ஸ்பானர் இரண்டு முறை நழுவி விழுந்தது. மூன்றே மூன்று போல்ட் மிச்சம் இருக்கும்போது ஷட்டருக்கு அடியில் அவளுடைய கால்கள் தெரிந்தன. அவள் குடையை மடக்கி உதறி முடிப்பதற்குள் கடைசி போல்ட்டையும் முறுக்கிவிட்டான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். பெடல் இப்போது தானாகவே மேலே வந்திருந்தது, மறுபடி ஏர் எடுத்தார்கள். இந்த முறை வந்தது. குமிழி குமிழியாக இல்லை, ஒரே நீளமாக, யாரோ பத்து மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சை விடுவது போல வந்தது. அதில் பெட்ரோலும் சூடான இரும்பும் கலந்த வாசனை அடித்தது. சுவரோரம் நின்ற காரைச் சுற்றி அன்று அடித்த அதே வாசனை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கல்லு மாதிரி நிக்குது சின்னண்ணா. முதல் மிதிக்கே நிக்குது," என்றாள் தங்கை. அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். காற்று எப்படி உள்ளே போயிற்று என்று கேட்டாள். ஆயில் பழசாகிவிட்டது, அதனால்தான் என்றான் அவன். சொல்லி முடித்ததும் தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

அவள் இறங்கினாள். டப்பாவிலிருந்து சிந்திய ஆயில் பட்டு ஷூ வழுக்குகிறது என்று அதைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அவன் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தான். சுற்றவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினான். அசையவே இல்லை. சுவர் சிவப்பாக இருந்தது.

"பெடல்ல இருந்து கால எடு."

"நான் வெளிய நிக்கிறேன்."

நின்றாள். அவனுக்கு எதிரே, வெறுங்காலோடு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

பிஸ்டன் சிக்கியிருக்கும், ஒரு மிதி மிதித்தால் விட்டுவிடும் என்று அவளே சொன்னாள். வேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டாள். ஏன் என்று எதைச் சொல்வான்? வாயைத் திறந்தால் முழுவதையும் சொல்ல வேண்டும். அவன் ஒரு நொடி யோசித்தான். அந்த ஒரு நொடியில் அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மழை நின்றிருந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும்.

"சின்னண்ணா."

"என்ன?"

"காலை எடுக்க முடியல."

அவன் ஓடினான். கதவைப் பிடித்து இழுத்தான். அவள் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"எது மாட்டிருக்கு?"

"மாட்டல. என் கால் மேல ஒரு கால் இருக்கு."

மண்டியிட்டான். டார்ச்சைக் கீழே அடித்தான். பெடல். அதன் மேல் அவளுடைய கால். அதற்கு மேல் எதுவும் இல்லை. கையை நீட்டித் துழாவினான். விரலில் பட்டது குளிர்ந்த காற்றுதான்.

அவள் அழவில்லை. மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"பெரியண்ணன் பிரேக்கே பிடிக்கலன்னு நீதானே சொன்ன?"

 அவன் உளறிக் கொட்டினான். தப்பு என்னுடையது, நான்தான் மாற்றி மாட்டினேன், நான்தான் பொய் சொன்னேன் என்று அவளிடம் இல்லை, அவள் காலுக்கு மேலே இருந்த வெறும் இடத்திடம் சொன்னான். விட்டுவிடு என்று கெஞ்சினான். என் காலை எடுத்துக்கொள், இவளை விட்டுவிடு. கெஞ்சிக்கொண்டே டார்ச்சைப் பிடித்திருந்தான்.

வெளிச்சத்தில் அவள் பாதத்தின் மேல்தோல் தெளிவாகத் தெரிந்தது. அதில் ஒரு குழி. பெருவிரல் அளவு. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. வரிசையாக ஐந்து. அவளுடைய பாதத்தைவிடப் பெரிய பாதம். ஒவ்வொரு குழியும் வெளுத்து, ஓரம் சிவந்து, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எலும்பு வரைக்கும் இறங்கியது.