காந்தாரி பூத்த அறை

ஐந்தாவது தொட்டியில் இருந்த பூவைப் பிரஷ்ஷால் தொட்டதும் யாரோ இருமினார்கள்.

ஹில்டா கையை எடுத்துக்கொண்டாள். அறையில் வேறு யாரும் இல்லை. ஜன்னலில் அடித்திருந்த கொசுவலையில் முந்தின நாள் மழை இன்னும் துளித்துளியாக ஒட்டிக்கொண்டிருந்தது. கணவர் எட்மண்ட் ஆறு மாதம் படுத்துக் கிடந்த இரும்புக் கட்டிலின் மேல் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. பினாயில் வாசனைக்கு அடியில் அவருடைய காய்ச்சல் வாசனையும், அதற்கும் அடியில் ஈரமண்ணும் மிளகாய் இலையும் சேர்ந்த பச்சை நெடியும் காற்றில்லாமல் அப்படியே நின்றிருந்தன. தாம்பரம் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிய மின்சார ரயிலின் சத்தம் தேய்ந்து மறையும்வரை அவள் அசையாமல் நின்றாள். பிறகு ஆறாவது தொட்டிக்கு நகர்ந்தாள்.

தொட்டிகள் மொத்தம் பதினொன்று. நாகர்கோவில் நண்பர் ஒருவர் கொடுத்த காந்தாரி மிளகாய் விதையை எட்மண்ட் ஆசையாக ஊன்றி வளர்த்தார். வெளியே வைத்தால் இலை சுருண்டுபோகிறது என்று தன் அறைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டார். உள்ளே காற்றும் இல்லை, தேனீயும் இல்லை. பூத்ததெல்லாம் உதிர்ந்தது. காசநோய் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அங்கிருந்து எழுதினார். ரயில்வே பார்சல் ஆபீஸ் குமாஸ்தா அல்லவா, கடிதத்தில்கூட நம்பர் போட்டிருந்தார்.

'1. காலை ஒன்பது மணிக்கு மேல், பூ முழுக்க விரிந்த பின். 2. ஊதா நிறப் பைகள் வெடித்து மகரந்தம் மாவு போலத் தெரியும். மெல்லிய பிரஷ்ஷால் அதை எடுத்து நடுவில் நிற்கும் காம்பின் நுனியில் வை. 3. ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குப் போ. அவசரம் வேண்டாம்.'

கடைசியில் நம்பர் இல்லாமல் ஒரு வரி: 'காய் பிடிப்பதற்குள் வந்துவிடுவேன்.'

ஒரு நுரையீரல் போய்விட்டது, இன்னொன்று பாதிதான் என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அதை அவள் எட்மண்டிடம் சொல்லவில்லை. அறுபத்தாறாம் வருஷ நவம்பர் முழுவதும் அந்தப் 'பாதி'யைத்தான் அவள் ஜெபத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவர் முதலில் கேட்டதே செடியைத்தான்.

"எந்த பிரஷ்ஷால தொட்ட?"

"உங்க தொண்டைக்கு மருந்து தடவுவேனே, அதுதான். வேற மெல்லிசா எதுவும் இல்ல. வெந்நீர்ல அலசிட்டுதான் தொட்டேன்."

எட்மண்ட் சிரித்தார். "அப்போ காய்க்கிறதெல்லாம் என் பிள்ளைங்கன்னு சொல்லு!"

பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். ஹில்டாவும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில்தான் கவனித்தாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக, சிரித்து முடித்தும் அவர் இருமவில்லை.

நாலைந்து நாளில் காய் பிடித்தது. இருமலும் பிடித்தது, அறைக்குள். பிரஷ் பட்ட இடத்திலிருந்து, சின்னதாக, ஈரமாக, நெஞ்சுக்குள்ளிருந்து இழுத்துக்கொண்டு வருவது மாதிரி. பக்கத்து வீட்டு ஷம்சாத் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, அண்ணனைக் கூட்டிக்கினு வந்துட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லவேயில்ல!"

"இல்லையே ஷம்சாத்."

"சும்மா சொல்லாதீங்க. காலையிலேர்ந்து இருமிக்கினு கீறாரே. எங்க வூட்டு அடுப்படி வரைக்கும் கேக்குது."

"நான்தான் இருமினேன். மிளகாய் நெடி."

"உங்களுக்கா இம்மாம் கட்டைத் தொண்டை? போங்கக்கா!" ஷம்சாத் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

ஹில்டா அறையைத் தாழிட்டாள். மூன்று நாள் திறக்கவில்லை. கதவின் கீழிடுக்கில் வெள்ளைப் பூக்கள் உதிர்ந்து கிடப்பது தெரிந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எட்மண்டின் கட்டிலைச் சுற்றி மறைப்புத் தட்டி வைத்திருந்தார்கள். எச்சில் துப்பும் பேசினில் ரத்தம். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரும்மா," என்றாள் நர்ஸ். அவருக்குக் குரலே எழும்பவில்லை. அவளுடைய மணிக்கட்டைப் பிடித்த பிடியை மட்டும் விடவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு ஹில்டா கதவைத் திறந்தாள். பிரஷ்ஷை எடுத்தாள். பதினோரு தொட்டியிலும் ஒரு பூவையும் விடவில்லை. ஒவ்வொன்றும் இருமியது. முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டே தொட்டாள். இனி ஒரு நாளும் நிறுத்துவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள்.

அதன்பின் இருமல் மெல்ல மெல்லக் குறைந்து மூச்சாக மாறியது. சீரான மூச்சு. தூங்குகிறவரின் மூச்சு. காந்தாரி வானத்தைப் பார்த்துக் காய்க்கும். இவை எல்லாம் கட்டில் பக்கமாகச் சாய்ந்து காய்த்தன.

டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பிடித்தும் பார்த்தார். "ஒண்ணுமே இல்லையேம்மா. குரல்தான் உள்ள போயிருக்கு. வந்துடும்."

டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை எட்மண்டை வீட்டுக்கு அனுப்பினார்கள். சைக்கிள் ரிக்‌ஷாவில் வழி நெடுக அவள் கையைத் தட்டிக்கொடுத்தபடியே வந்தார். வாசலில் ஷம்சாத் கை கொட்டினாள். "அண்ணே! புது மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க!" அவர் தலையை ஆட்டிச் சிரித்தார். நாலு படியையும் ஒரே மூச்சில் ஏறினார். அப்படித்தான் ஹில்டா நினைத்தாள்.

அறைக் கதவு தாழிட்டிருந்தது. அதைத் தாண்டி அவரைச் சமையலறைக்குக் கூட்டிப் போய் ஸ்டூலில் உட்கார வைத்தாள். காபி போட வேண்டும். ஸ்டவ் பக்கத்தில் நின்று தீப்பெட்டியில் உரசினாள். இரண்டு தீக்குச்சி ஒடிந்தது. அவர் எழுந்து வந்து பெட்டியை வாங்கினார். கிழித்தார். திரியைப் பற்றவைத்தார். குச்சியை உதட்டருகே கொண்டுபோய் ஊதினார்.

சுடர் அசையவில்லை.

மறுபடி ஊதினார். உதடு குவிந்தது. கன்னம் உப்பியது. சுடர் நேராக நின்று எரிந்தது.

ஹில்டா அவர் சட்டைப் பொத்தான்களைப் பார்த்தாள். ஏறவில்லை. இறங்கவில்லை.

நெருப்பு விரலுக்கு வந்தது. அவர் குச்சியைப் போடவில்லை. நகம் கருகும் வாசனை. அவர் அவளையே பார்த்தார், ஒன்றும் புரியாத குழந்தை மாதிரி. உதடு மெல்ல அசைந்தது.

"ஏன் ஹில்டா, அணைய மாட்டேங்குது?"

குரல் அந்த வாயிலிருந்து வரவில்லை. தாழிட்ட கதவுக்கு அந்தப் பக்கம், முழங்கால் உயரத்திலிருந்து, பதினோரு இடங்களிலிருந்தும் ஒன்றாக வந்தது.