பேராசிரியர் நலம் விசாரித்த தட்டு

அக்காவின் பாக்டீரியாவுக்கு எண்ணெய் என்றால் உயிர். மண்ணில் சிந்திய எண்ணெயைத் தின்று தீர்த்துவிடும். பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறையில் அக்காவுக்கு அதுதான் ஆராய்ச்சி.

ஆனால் அவள் அதை வளர்க்கும் மூடி போட்ட கண்ணாடித் தட்டுகளில் அது மட்டுமா வளர்கிறது? பச்சைப் பூசணமும் மஞ்சள் புள்ளிகளும் அழைக்காமலே வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஆராய்ச்சித் தலைப்பையே மாத்திடுன்னு எங்க பேராசிரியர் சொல்லிட்டாரு. இவ்ளோ நாள் உழைப்புடி!" அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"கையைக் கழுவினியா?" என்று கேட்டாள் தங்கை வாண்டு.

"கழுவிக் கழுவித் தோலே தேஞ்சுபோச்சு."

பள்ளி விடுமுறை. வீட்டில் யாரும் இல்லை. அதனால் வாண்டு ஆய்வகத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதையும் தொடக்கூடாது என்பது அக்காவின் கட்டளை. அவள் தொடவில்லை. பார்த்தாள்.

அக்கா பக்கத்து அறைக்குப் போனதும் பேராசிரியர் வந்தார். தட்டுகளைச் சூடாக வைத்திருக்கும் பெட்டியைத் திறந்தார். அக்காவின் தட்டு ஒன்றை எடுத்தார். மூடியைத் தூக்கினார். மூக்கு உள்ளே போகும் அளவுக்குக் குனிந்தார்.

"வணக்கம் செல்லங்களா! தூங்கினீங்களா? சாப்பிட்டீங்களா?"

இரண்டு முறை இருமினார். மூடி வைத்துவிட்டுப் போனார்.

வாண்டு ஓடிப்போய் அக்காவின் காதில் சொன்னாள். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மூடியைத் திறக்காதேன்னு எங்களைத் திட்டுறதே அவருதான்டி!"

"அப்ப அவர்கிட்டயே சொல்லு."

"யாரு? நானா? அவர் வாயைத் திறந்தா நாங்க மூடிக்குவோம். அதான் இங்க வழக்கம்."

வாண்டு யோசித்தாள். பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டினாள்.

"சார், அக்காவோட பாக்டீரியா போட்ட ரெண்டு புதுத் தட்டு வேணும். ஒரு சோதனை."

"அடேங்கப்பா! என்ன சோதனை?"

"ஒரு தட்டைத் திறந்து நீங்க பேசணும். இன்னொண்ணு மூடியே இருக்கணும். ரெண்டுல எது நல்லா வளருதுன்னு பாக்கணும்."

பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். "பேசினதுதான் வளரும். வேணும்னா பாரு!"

தட்டைத் திறந்து மனதாரப் பேசினார். சாப்பாடு, மழை, தன் முழங்கால் வலி எல்லாம் சொன்னார். கடைசியில் ஒரு தும்மலும் போட்டார்.

இரண்டு நாள் கழித்து வாண்டு அக்காவோடு வந்து தட்டுகளை நீட்டினாள். மூடியிருந்ததில் அக்காவின் பாக்டீரியா மட்டும் பளிச்சென்று வளர்ந்திருந்தது. மற்றதில் பூசணமும் புள்ளிகளுமாகத் திருவிழாக் கூட்டம்.

"சீச்சீ! இதுல யார் கை பட்டுச்சு?" என்றார் பேராசிரியர்.

"கையே படலை சார். நீங்க பேசினது மட்டும்தான்."

அவர் தட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அப்ப உன் தட்டெல்லாம் கெட்டதும்..." என்றார் விரல்களுக்கு நடுவே. "ஏம்மா, நீ சொல்லியிருக்கலாமே?"

"நீங்க திட்டிக்கிட்டே இருந்தீங்க சார்."

"நடுவுல மூச்சு விட்டிருப்பேனே!"

முதலில் அவரே சிரித்தார். பிறகு அக்கா சிரித்தாள்.

"தலைப்பு அப்படியே இருக்கட்டும். புதுசா தட்டு போடு. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

சொன்னபடியே வரவில்லை. அடுத்த வாரம் அக்காவின் தட்டுகளில் எண்ணெய் தின்னும் பாக்டீரியா மட்டும் இருந்தது. வேறு ஈ காக்காய்கூட இல்லை.

பேராசிரியர் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார். முகம் வாடியிருந்தது. வாண்டுவுக்குப் பாவமாக இருந்தது.

"உள்ள வாங்க சார். மூடியைத் திறக்காமலே பேசுங்க."

"அதுங்களுக்குக் கேக்குமா?"

"யாருக்குத் தெரியும்? நீங்கதானே சார் ஆராய்ச்சி பண்ணணும்!"

பேராசிரியர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சொல்ல வேண்டிய கதை நிறைய சேர்ந்திருந்தது.