டார்ச் வெளிச்சத்தில் அண்ணன்

லேப்டாப்புக்கு உயிர் இருந்தது. விசிறி சுற்றியது, தொடங்கும்போது வரும் மணிச்சத்தமும் வந்தது. திரை மட்டும் கன்னங்கரேலென்று கிடந்தது.

“உங்க அண்ணன் காணாமப் போய் நாப்பது நாளாச்சு,” என்றாள் அண்ணி. “இதுல ஏதாவது துப்பு கிடைக்கும்னு நேத்துதான் திறந்தேன். இப்படிக் கிடக்கு. நீதான் பாக்கணும்மா.”

அண்ணி போனதும் லேப்டாப் பழுதுபார்க்கும் கடையில் தங்கை மட்டும். பத்து வருஷமாகச் செய்யும் வேலைதான்; ஆனாலும் அண்ணனின் விரல் பட்டுத் தேய்ந்த விசை எழுத்துகளை ஒருமுறை தடவிப் பார்த்தாள். வேறொரு மானிட்டரை இணைத்தாள். முகப்புப் படம் பளிச்சென்று வந்தது: அண்ணனின் அறை, மேஜை, நாற்காலி, பின்னால் வெறும் சுவர். அப்படியானால் கிராபிக்ஸில் கோளாறு இல்லை. லேப்டாப் திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பின்விளக்குதான் போயிருக்கிறது. டார்ச் அடித்தால் மங்கலாகவாவது படம் தெரியும்.

பட்டப்பகல்தான். ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச் அடித்தாள்.

அதே அறை. சுவரோரம் உயரமான அலமாரி. மேஜைக்கடியில் யாரோ முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணன்.

மானிட்டரைப் பார்த்தாள். அதில் அலமாரியும் இல்லை, ஆளும் இல்லை.

மின்கம்பியைப் பிடுங்கினாள், பேட்டரியைக் கழற்றினாள். விசிறி ஓய்ந்தது. திரையையே தனியாகப் பெயர்த்து எடுத்தாள். இனி அதில் எதுவும் தெரிய வழியே இல்லை. ஐஸ்போல் சில்லிட்ட அந்தக் கண்ணாடிமேல் மறுபடி டார்ச் அடித்தாள்.

அண்ணன் கண் கூசிக் கையால் மறைத்தான்.

“அண்ணா! நான்தாண்ணா!”

அவன் தலையை வேகமாக ஆட்டினான். அணை, அணை என்று கை பதறியது. தன்னை அடையாளம் தெரியவில்லையோ என்று வெளிச்சத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

அலமாரி குனிந்தது.

மேஜைக்கடியில் பார்த்தது. பிறகு மெல்லத் திரும்பி, வெளிச்சம் வரும் பக்கம் பார்த்தது.

டார்ச்சை அணைத்தாள். இருட்டு. மூச்சுவிடவில்லை.

ஜன்னலிடுக்கில் கசிந்த வெளிச்சத்தில், கையிலிருந்த கறுப்புக் கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தது. கலைந்தது. மறுபடி படிந்தது, இந்த முறை விளிம்புக்கு விளிம்பு.