வலது பக்கத்து ஆசனம்

விமானம் வலது பக்கம் சாய்ந்து நின்றது. பெரிய சாய்வில்லை, இரண்டு விரல்கடை இருக்கும். வேறு யாரும் பார்த்திருந்தால் தரை மேடுபள்ளம் என்று பேசாமல் போயிருப்பார்கள். சிறில் இருபத்திரண்டு வருடம் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டியவன். கோணல் ஒன்றைக் கண்டால் அவனுக்குச் சோற்றில் மணல் கடிபட்ட மாதிரி.

"இதையும் ஒரு பிளேன் எண்டு சொல்லுறாங்கள்," என்று காறித் துப்பினான். "தும்பிக்கு மோட்டர் பூட்டின மாதிரி!"

சுனாமி அடித்த அடுத்த ஆடி மாதம் அது. சமாதான காலம் என்று பத்திரிகையில் பேர். ரோட்டில் பார்த்தால் சந்திக்குச் சந்தி ஆமிக்காரரின் சென்றி. கரை எவ்வளவு கழுவுப்பட்டது என்று மேலிருந்து படம் பிடிக்க, வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இந்த இரண்டு பேர் விமானத்தைக் கொண்டுவந்து, கப்பல்துறைக் கிராமத்துக்கு உள்ளே கைவிட்ட தென்னந்தோட்டமொன்றில் புல்லைச் செதுக்கி ஓடுபாதை ஆக்கியிருந்தது. ஓட்டுபவர் கொழும்பிலிருந்து வந்த குணரத்தினம். தன்னைக் கப்டன் என்று தானே அழைத்துக்கொள்ளும் மனிதர். "உது வலப்பக்கம் இழுக்குது, சிறில்," என்று ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் முறையிடுவார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிறில் மனதுக்குள் சிரிப்பான்.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த நாள் காலையில் அந்த வலது பக்கத்து ஆசனத்தில் அவனுடைய மகள் எல்சி ஏறப்போகிறாள். படம் பிடிக்கும் வேலை, முதல் சம்பள வேலை. வீட்டில் மூன்று நாளாக அதே கதைதான்.

ரயர்களில் காற்றை அளந்தான். இரண்டும் ஒன்று. சில்லுக் கால்களின் நட்டுகளை முறுக்கிப் பார்த்தான், அசையவில்லை. வலது செட்டையின் தாங்கியிலிருந்த பெற்றோலை முழுக்கக் கானில் இறக்கினான். அப்போதும் சாய்வு அப்படியே இருந்தது; திரும்ப ஊற்றினான். கடைசியில், சங்கக் கடையில் மூட்டை நிறுக்கும் தராசை இரவல் வாங்கி வந்து, காவலாளி தவராசாவையும் பிடித்துக்கொண்டு, சில்லுகளை ஒவ்வொன்றாக ஏற்றி நிறுத்தான். இடது நூற்று இருபத்து நாலு. வலது நூற்று எண்பத்தைந்து.

"அறுபத்தொரு கிலோ கூட," என்றான் தவராசா. பிறகு குரலைத் தாழ்த்தி, "பாக்கியம் அண்ணையும் மெலிஞ்ச ஆள். அறுபது அறுபத்தொண்டுதான் வருவார்."

"சங்கக் கடைத் தராசு எப்ப ஒழுங்காய் நிறுத்தது? உன்ர வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டிரு."

பாக்கியரத்தினம் இவனுக்கு முன்பு இங்கே வேலை செய்தவன். விமானத்தில் கைவைத்தவன் அடுத்த பறப்பில் வலது ஆசனத்தில் தானே ஏறி இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கத்தை வைத்திருந்தான். பூட்டிய நட்டில் நம்பிக்கை இருந்தால் உயிரை அதில் வை என்பது அவன் நியாயம். இறங்கிய பிறகுதான் விமானத்தின் வேலைப் புத்தகத்தில் 'ஏறிப் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்து வைப்பான். வைகாசியில் ஒரு பின்னேரம் சைக்கிளில் லிங்கநகர் வீட்டுக்கு என்று வெளிக்கிட்டவன், வீடு போய்ச் சேரவில்லை. ஆளுமில்லை, சைக்கிளுமில்லை. கனடாவுக்கு ஓடியிருப்பான் என்று சிறில் எல்லாருக்கும் சொன்னான்.

சிறில் ஒருநாளும் ஏறவில்லை. உயரம் அவனுக்கு ஒத்துவராது. தென்னையில் பாதி ஏறினாலே கால் கூசும். அந்தப் பயத்தை வெளியே சொல்ல ஏலுமா? விசர் வழக்கம் என்று பழித்தான். பறக்கும் நேரம் வந்தால் விமானக் கொட்டிலுக்குப் பின்னாலுள்ள கிணற்றடிக்கு மெல்ல நழுவிவிடுவான். சத்தம் அடங்கிய பிறகு வந்து 'ஏறிப் பார்த்தேன்' என்று எழுதுவான். ஒன்பது தடவை எழுதியாயிற்று. கப்டன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மண்டைக்கனம் பிடித்த மனிசனுக்குப் பக்கத்தில் ஆள் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன என்று சிறில் நினைத்திருந்தான்.

தவராசா தராசைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். தகரக் கொட்டிலுக்குள் மத்தியான வெக்கை ஊறிக் கிடந்தது. வெளியே கச்சான் காற்று காய்ந்த ஓலைகளைத் தரையில் இழுத்து இழுத்து விட, பெற்றோல் வாசத்துக்கு நடுவே புதிதாக ஒரு வாசம், தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெயும் பகல் முழுக்க உழைத்த உடம்பின் வியர்வையும் கலந்து, விமானத்தின் வலது கதவுப் பக்கமிருந்து மெதுவாக வந்தது. சிறில் கதவைத் திறந்தான். ஆசனம் வெறுமை. மெத்தை மட்டும் நடுவில் பள்ளம் விழுந்து கிடந்தது. கையை வைத்தான். சூடு. அங்கே வெயில் படுவதில்லை.

அவன் பார்த்துக்கொண்டிருக்கவே மெத்தை 'ஸ்ஸ்' என்று இன்னும் ஒரு விரலளவு தாழ்ந்தது.

"எலியாய் இருக்கும்," என்று உரக்கச் சொன்னான். கதவை அடித்துச் சாத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினான். திரும்பக் கழுவினான். எவ்வளவு நேரம் அங்கேயே நின்றானோ, அவனுக்கே தெரியாது.

கொட்டிலடிக்குத் திரும்பியபோது விமானம் வெளியே புல்லில் நின்றது. குணரத்தினம் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார்.

"நேவிக்காரர் நாளைக்கு ஏலாது எண்டிட்டாங்கள். இப்ப நாலு மணிக்குத்தான் அனுமதி. உம்மட மகள் வந்திட்டா, ஏறி இருக்கிறா. குச்சவெளி மட்டும் போட்டு வாறம்."

சிறில் குறுக்கே வந்து நின்றான். "சேர், நான் இண்டைக்கு இன்னும்... ஏறிப் பாக்கேல்ல..."

"இண்டைக்கு இல்லாட்டில் என்ன? ஒன்பது தரம் என்னோட ஏறினனீர்தானே." குணரத்தினம் நடந்துகொண்டே ஏளனமாகச் சிரித்தார். "ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி! ஒருநாளாவது வாயைத் திறந்தனீரே? சரியான திமிர் பிடிச்ச மனிசன் ஐசே நீர்."

சிறில் அப்படியே நின்றான்.

ஒன்பது தரம்.

எஞ்சின் முழங்கியது. காற்றாடி புழுதியையும் செத்தையையும் வாரி அடித்தது. அப்போதுதான் அவனுக்குக் கால் வந்தது. ஓடினான். ஐயோ, என்ர பிள்ளை! ஆரோ இருக்கிற ஆசனத்தில் என்ர பிள்ளை!

பின்பக்கமாக வந்து வலது கதவைப் பிடித்தான். கண் திறக்க முடியவில்லை. புழுதி. மணல். "இறங்கடி! எல்சி, இறங்கு!" எஞ்சின் சத்தம் குரலை விழுங்கியது. தடவினான். பெல்ட் அகப்பட்டது. கழற்றினான். ஒரு கை அகப்பட்டது. மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்து இழுத்தான். கனமாக இருந்தது. முதலில் வரவில்லை. பிறகு வந்தது. கால்கள் புல்லில் பொத்தென்று விழுந்த சத்தம். யாரோ உள்ளேயிருந்து கதவை அடித்துச் சாத்தினார்கள். விமானம் நகர்ந்தது.

பிடித்த கையை விடாமல் தென்னை மரத்தடிவரை இழுத்துக்கொண்டு போனான். கண்ணை மூடியபடி மூச்சு வாங்கினான்.

"வேலை போனால் போகட்டும் பிள்ளை. அப்பா பொய் எழுதிப் போட்டன். அப்பாவில பிழை. வா, வீட்டை போவம்."

பதில் இல்லை. ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்பிச் சொல்லுகிற பிள்ளை. கோபமாக்கும் என்று நினைத்தான்.

புழுதி அடங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடுபாதையைப் பார்த்தான். விமானம் தரையை விட்டுக் கிளம்பியிருந்தது. சாய்வில்லை. நேராக, இலேசாக ஏறிக்கொண்டிருந்தது. வலது யன்னலில் ஒரு முகம். கழுத்தில் கமரா. வாய் நிறையச் சிரிப்பு.

எல்சி.

அவனைக் கண்டு கையசைத்தாள். இரண்டு கையாலும். அவள் பக்கத்துக் கதவிடுக்கில், கழற்றிய பெல்ட் வெளியே தொங்கி, விமானத்தின் பக்கவாட்டில் பட் பட்டென்று அடித்தது. மரங்களுக்கு மேலே போயிற்று. துறைமுகப் பக்கம் திரும்புவதற்காக வலப்பக்கம் சரிந்தது. அவள் இன்னும் கையசைத்துக்கொண்டிருந்தாள்.

சிறில் ஓடுபாதைப் பக்கம் ஓட எத்தனித்தான்.

அவனுடைய உள்ளங்கைக்குள் இருந்த விரல்கள் மெல்ல மடிந்து, அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன.